வயசான புற்றுநோயாளி பேச்சைக் குறைத்துக்கொண்டால் என்ன பார்க்கணும்? (மதுரை மாவட்டத் தன்னார்வலர்களுக்கு)

வைகைக்கரை:
சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் வீடுவீடாப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தன்னார்வலர்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு தயாராகுது. புண் சுத்தம், குழாய்ச் சாப்பாடு, படுக்கைப் புண் பத்தியெல்லாம் நிறையச் சேர்ந்திருக்கு. எழுபது தாண்டினவங்க மனசைப் பத்தித்தான் ஒண்ணும் இல்லை. வீட்டுல கேட்டா, "வயசாயிருச்சு, இந்த நோவு வேற, அப்படித்தான் உம்முன்னு இருப்பாக"ன்னு முடிச்சுடுறாங்க. அந்த மௌனத்துக்கு என்னென்ன காரணம் இருக்கலாம், எதை யார்கிட்டக் கொண்டு போகணும்னு துறையில இருக்கிறவங்க விவரமா எழுதுங்க. பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

தல்லாகுளம் செவிலி:
எடுத்த எடுப்புல மனசுக்குப் போகாதீங்க, முதல்ல உடம்பைப் பாருங்க. பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கதான்.

காது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்குக் கதிர்வீச்சோட சிஸ்பிளாட்டின் ஊசி போடுறது வழக்கம். அது உள்காதைக் கெடுக்கும். வயசால ஏற்கனவே மந்தமான காது இன்னும் மந்தமாகும். நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணும் பிரியாது. மூணு தடவை "என்ன?"ன்னு கேட்டு, வீட்டுல ஒருத்தர் சலிச்சுக்கிட்டா, நாலாவது தடவை கேட்க மாட்டாக. சும்மா தலையாட்டுவாக. டிவியை நிறுத்திட்டு, முகத்துக்கு நேரா உட்கார்ந்து, கத்தாம நிறுத்தி நிறுத்திப் பேசிப் பாருங்க. பேச்சு வந்துருச்சுன்னா காது டாக்டர்கிட்ட அனுப்புங்க.

வாய். கதிர்வீச்சுல எச்சில் சுரப்பி காஞ்சுபோகும். ரெண்டு வாக்கியம் பேசினா நாக்கு மேலண்ணத்துல ஒட்டும். எடை குறைஞ்சா பல்செட் கழண்டு ஆடும், ஆள் முன்னால பேசவே கூச்சம். கைக்கு எட்டுற இடத்துல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி, பேசுறதுக்கு முன்னால ஒரு மடக்கு. பல்செட்டை மறுபடி சரிபண்ணிக்கலாம்.

தைராய்டு. கழுத்துல கதிர்வீச்சு வாங்கினவங்களுக்குச் சில மாசமோ வருஷமோ கழிச்சு தைராய்டு குறையலாம். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மெதுவான பேச்சு எல்லாம் பார்க்க அச்சு அசலா மனச்சோர்வு மாதிரியே தெரியும். 6 முதல் 12 மாசத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கணும். கடைசியா எப்பப் பார்த்தாங்கன்னு ஃபைலைத் திறந்து தேதியைப் பாருங்க.

டெக்ஸாமெத்தசோன். கீமோவோட குடுக்கிற இந்த மாத்திரையைச் சாயங்காலம் போட்டா ராத்திரி பூரா முழிப்பு, எரிச்சல். காலையில, இல்லைன்னா மத்தியானத்துக்கு முன்னாலயாவது குடுக்கலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. மாத்திரை நின்ன ரெண்டு மூணு நாள் ஆளே படுத்துருவாக. ஒவ்வொரு சுற்றுலயும் அதே நாட்கள்ல வருதான்னு காலண்டர்ல குறிச்சாத் தெரிஞ்சுரும்.

எல்லாத்தையும் விட அவசரம் ஒண்ணு இருக்கு. நேத்து வரைக்கும் நல்லாப் பேசினவர் இன்னைக்கு மந்தமா, கூப்பிட்டா லேட்டாத் திரும்புறார், சாயங்காலம் ஆனா கூடுது, விடிஞ்சா கொஞ்சம் தெளியுதுன்னா அது கவலை இல்லை, டெலிரியம்ங்கிற மூளைக் குழப்பம். கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணினா வீட்டுல உடனே தூக்கிட்டு ஓடுறாங்க. அமைதியாச் சுருண்டு படுத்தா "தூங்கட்டும்"னு விட்டுடுறாங்க. சனிக்கிழமையில ஆரம்பிச்சு வார நாட்களைத் தலைகீழாச் சொல்லச் சொல்லுங்க. முன்னால இதைச் செய்யக்கூடியவர் இப்ப பாதியில வழி தவறினா அன்னைக்கே டாக்டர். ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருக்கலாம், கால்சியம் ஏறியிருக்கலாம், மூத்திரத்துல கிருமி, மூத்திரம் அடைச்சு நிக்கிறது, அஞ்சாறு நாள் மலச்சிக்கல், டிரமடால் வலி மாத்திரை, புதுசாப் போட்ட தூக்க மாத்திரை, எதுவா வேணாலும் இருக்கலாம். பெரும்பாலும் திருத்திடலாம்.

நரிமேடு மனநலம்:
செவிலியம்மா சொன்ன வரிசைதான் சரி. உடல் காரணங்களைப் பார்த்த பிறகு மனச்சோர்வுக்கு வருவோம்.

பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு மூன்றையும் வைத்து இவர்களிடம் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நோயும் சிகிச்சையுமே அவற்றைக் கொண்டுவரும். அதனால்தான் முதியோருக்கென்று உள்ள 15 கேள்விப் பட்டியல், ஜிடிஎஸ் என்பது, உடல் அறிகுறிகளை விட்டுவிட்டு மனதை மட்டும் கேட்கிறது. எல்லாம் ஆம், இல்லை என்ற பதில்தான். படிக்கத் தெரியாதவரிடம் வாயால் கேட்கலாம். மனச்சோர்வைக் காட்டும் பதில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தமிழிலும் இருக்கிறது.

பட்டியல் கையில் இல்லையென்றால் இரண்டு விஷயம் போதும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? பேரன் வந்தால் முகம் மலர்ந்து, அவன் போனபின் வாடுவது துக்கம். பேரன் வந்தாலும் திரும்பிப் படுத்துக்கொள்வது மனச்சோர்வின் பக்கம். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "முன்ன செஞ்ச பாவம்" என்ற பேச்சு தொடர்ந்து வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்து பற்றி மூன்று. மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பத்தாம் நாளில் "கேட்கலை" என்று நிறுத்தக்கூடாது. இவ்வகை மாத்திரைகள் சில முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும், ஆரம்பித்துச் சில வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஃப்ளூவாக்ஸடின், பராக்ஸடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டும் ஆகாது, அவை டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். எனவே மனநல மருத்துவரிடம் போகும்போது கேன்சர் ஃபைலையும் கையில் கொண்டு போகச் சொல்லுங்கள்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் அல்பிரஸோலம் என்ற தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் பல மாதமாகத் தினமும் போடுபவருக்குத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்த மாத்திரை மயக்கத்தில் இரவில் எழுந்து தடுமாறி இடுப்பெலும்பு முறிந்தால் கேன்சர் சிகிச்சையே நின்றுபோகும்.

மேலூர் கண்மாய்:
இன்னொண்ணு நான் சேர்க்கிறேன். பெரியவர்களுக்கு நோயோட பேரைச் சொல்லாம இருக்கிறதே நல்லதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாக. தன்னார்வலர் வாய் தவறிச் சொல்லிட்டா குடும்பமே உங்களை உள்ள விடாது.

திருமங்கலம் சமூகப்பணி:
@மேலூர் கண்மாய், தன்னார்வலர் தானா முந்திச் சொல்லக்கூடாதுங்கிறதுல உங்களோட முழுக்க உடன்படுறேன். மறைக்கிறது நல்லதுங்கிறதுல இல்லை. பாலரெங்கபுரம் அரசு கேன்சர் ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு வாங்க வரிசையில உட்கார்ந்திருக்கிறவருக்குப் பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்தே விஷயம் புரிஞ்சுரும். தெரியாத மாதிரி அவுக இருக்க, தெரியாதுன்னு இவுக நினைக்க, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு தரப்பும் தனித்தனியா அழுதுக்கிட்டு இருப்பாங்க. யாருக்கு என்ன குடுக்கணும், எந்தக் கோயிலுக்குப் போகணும், யாரைக் கடைசியாப் பார்க்கணும்னு சொல்ற உரிமை அவருக்கு இல்லாமப் போகுது. என் கோபமெல்லாம் அதுலதான்.

செய்ய வேண்டிய முறை இது. மொதல்ல குடும்பத்தோட பயத்தைத் தனியாக் கேளுங்க, "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" அவுங்க எதிரி இல்லை, பாசத்துலதான் மறைக்கிறாங்க. அடுத்து, "நாங்களாச் சொல்ல மாட்டோம். அவரே கேட்டா பொய்யும் சொல்ல மாட்டோம். கேட்டதை உங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லுவோம்"னு தெளிவாப் பேசிக்கோங்க. அப்புறம் பெரியவர்கிட்ட, "உடம்புக்கு என்னன்னு டாக்டர் என்னய்யா சொன்னாக?" பதில்லயே அவருக்கு எவ்வளவு தெரியும்னு வந்துரும். "இன்னும் விவரம் தெரிஞ்சுக்கணுமா, இல்லை மகன்கிட்டயே பேசிக்கிடட்டுமா?" "மகனே பாத்துக்கிடட்டும்"னா அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்கணும். "சொல்லுங்க"ன்னா டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, அவர் நம்புற ஒருத்தரைப் பக்கத்துல வச்சு, கட்டின்னு ஆரம்பிச்சு, அவர் அடுத்த கேள்வி கேட்கிற வரைக்கும் அங்கயே நிறுத்தணும். ஒரே மூச்சுல நிலை நாலு, பரவிருச்சு, மாசக் கணக்குன்னு கொட்டக்கூடாது.

பொம்பளையாளுகளுக்கு இது இன்னும் மோசம். கர்ப்பப்பை வாய்ப் புற்று உள்ள வயசான அம்மாவைத் தவிர வீட்டுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருப்பாங்க. ஒரு தடவையாவது அந்த அம்மாகிட்ட நேரடியாப் பேசுங்க.

உசிலை ஆவாரம்பூ:
தனித் தட்டு, தனி டம்ளர் பத்தி யாரும் எழுதலையே. பேரப்பிள்ளையை மடியில விட மாட்டேங்கிறது பெரிய தண்டனையா இருக்கு. இதுல எது நியாயம், எது இல்லை?

தல்லாகுளம் செவிலி:
நல்ல கேள்வி, ஏன்னா பாதி நியாயம் இருக்கிற இடமும் உண்டு.

புற்றுநோய் தொட்டா ஒட்டாது. எச்சில்லயும் ஒட்டாது. தட்டுப் பிரிக்கத் தேவையே இல்லை. வெளிய இருந்து மெஷின்ல வாங்குற கதிர்வீச்சு உடம்புல தங்காது, அன்னைக்கே பிள்ளையை மடியில வைக்கலாம்.

கீமோ ஏறின 48 மணி நேரம், சில மருந்துக்கு 72 மணி நேரம், மூத்திரம், மலம், வாந்தியில மருந்து இருக்கும். அதைக் கையுறை போட்டு அள்ளணும், கக்கூஸ்ல ரெண்டு தடவை தண்ணி ஊத்தணும், அந்தத் துணியைத் தனியாத் துவைக்கணும். கர்ப்பமா இருக்கிற மருமக அந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆனா பக்கத்துல உட்கார்ந்து பேசலாம், கையைப் பிடிச்சுக்கலாம். பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில ஏத்தி எடுக்கிற ஸ்கேன்) எடுத்த அன்னைக்குச் சில மணி நேரம் குழந்தையும் கர்ப்பிணியும் தள்ளி இருக்கணும். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடிச்சவங்களுக்கு மட்டும் நிஜமாவே சில நாள் தனிமை உண்டு, எத்தனை நாள்னு எழுதிக் குடுப்பாங்க. அந்த நாள் முடிஞ்சதும் முடிஞ்சது, தேதியைச் சுவத்துல எழுதிருங்க.

சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை வரக்கூடாதுங்கிறது பெரியவரோட பாதுகாப்புக்கு. கீமோ ஏறின 7ஆம் நாள்ல இருந்து 14ஆம் நாள் வரைக்கும் வெள்ளணு குறையும். அந்த நேரம் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரி. இதைப் பெரியவர்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க, "உங்களுக்கு ஒட்டிரக்கூடாதுன்னுதான் அவனைத் தள்ளி வச்சிருக்கு, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் விட்டுருவோம்." முகமே மாறும்.

வைகைக்கரை:
நாத்தம் பத்தியும் சொல்லுங்க. கன்னத்துப் புண், மார்புப் புண் உள்ளவங்க தாங்களாகவே ஒதுங்கி மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கட்டில் போட்டுக்கிறாங்க.

தல்லாகுளம் செவிலி:
அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சு, மட்டமா ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போடுங்க. அதை ஊத்திப் புண்ணைக் கழுவணும், தேய்க்கக்கூடாது. பஞ்சு ஒட்டியிருந்தா நனைய விட்டு எடுக்கணும், இல்லைன்னா ரத்தம் கசியும். மெட்ரோனிடஸோல் மாத்திரையை நைசாப் பொடிச்சு, டாக்டரைக் கேட்டு, புண் மேல தூவிக் கட்டுறது நோய் தணிப்புச் சிகிச்சையில வழக்கமான முறை. நாத்தம் புண்ணுல இருக்கிற ஒரு வகைக் கிருமியால வருது, அதைத்தான் இது கொல்லுது. ரெண்டு மூணு நாள்ல நல்லாக் குறையும். கட்டிலுக்கு அடியில தட்டுல அடுப்புக்கரி வைங்க. சாம்பிராணி அளவா, குமட்டலும் இருமலும் கூடிரும். முதல் வாரத்துலயே கட்டிலைத் திண்ணைக்கோ கூடத்துக்கோ கொண்டு வந்துரணும்.

குடலை வயித்து வழியா வெளிய எடுத்து விட்டு மலப்பை வச்சவங்களுக்குப் பயம் எல்லாம் வெளிய போறப்ப கழண்டுருமோன்னுதான். மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதுமே காலி பண்ணணும், நிறைஞ்சா கனத்துல பிடுங்கும். தோல்ல ஒட்டுற வில்லையில வெட்டுற ஓட்டை குடல் வாயை விட 2, 3 மில்லிமீட்டர்தான் பெருசா இருக்கணும். சித்திரை, வைகாசி வேர்வையில சீக்கிரம் ஒட்டு விடும், அந்த மாசம் மாத்துற இடைவெளியைக் குறைச்சுக்கோங்க. வெளிய கிளம்புற அன்னைக்கு முட்டை, வெங்காயம், கருவாடு வேண்டாம். அளவா வெட்டின ஒரு பை, பழைய துணி, தண்ணி பாட்டில் எல்லாம் ஒரு மஞ்சப்பையில தயாரா இருந்தா தைரியம் வரும்.

திருமங்கலம் சமூகப்பணி:
தைரியம் வந்த பிறகு எங்க போறது? நம்ம ஊர்ல பெரியவருக்கு மதிப்பே நல்லது கெட்டதுல முன்னால நிக்கிறதுதான். நோவு வந்ததும் பத்திரிகையில பேர் இருக்கும், கூட்டிக்கிட்டுப் போக மாட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க. கூட்டம் கூடுறதுக்கு முன்னால போய், மொய் எழுதுற மேசைப் பக்கம் காத்தாட ஒரு நாற்காலி போட்டு, கக்கூஸ் எங்கன்னு முதல்லயே பார்த்து வச்சிருங்க. வெள்ளணு குறையுற வாரத்துல மட்டும் வேண்டாம். போக முடியலையா, பழைய மொய் நோட்டை அவர் கையில குடுங்க. இன்ன வீட்டுல இருந்து நமக்கு எவ்வளவு வந்துச்சு, இப்ப எவ்வளவு திருப்பணும்னு அவரே சொல்லட்டும், அவர் பேர்லயே எழுதுங்க. பேர் மகன் பேருக்கு மாறுன அன்னைக்குத்தான் பல பேர் சுருங்கிப் போறாக.

டாக்ஸல்ங்கிற கீமோ மருந்தால விரல் மரத்துப்போய் வேட்டி கட்ட முடியாம வெளிய போறதை விட்டவங்க உண்டு. ஒட்டிக்கோ வேட்டி, குதிகாலுக்குப் பின்னால வார் வச்ச செருப்பு போதும். மரத்த காலுல சாதாச் செருப்பு கழண்டு விழுந்தாலே தெரியாது.

பார்க்க வர்றவங்க விஷயமும் இதோட சேர்ந்ததுதான். "எங்க சம்பந்திக்கும் இதேதான், மூணே மாசம்"னு கட்டிலுக்குப் பக்கத்துலயே பேசுறதும், வாசல்ல போய்க் குசுகுசுக்கிறதும் நடக்குது. வீட்டுல ஒரு ஆளை வாசலுக்குப் பொறுப்பாக்குங்க. ஒரு நேரத்துல ரெண்டு பேர், பதினஞ்சு நிமிஷம், சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. என்ன பேசுறதுன்னு தெரியாதவங்களுக்கு, கண்மாயில எவ்வளவு தண்ணி, எந்த நெல்லு போடலாம், மாட்டுத்தாவணியில மல்லி என்ன வெலைன்னு அவர்கிட்ட யோசனை கேட்கச் சொல்லுங்க.

புதூர் காப்பீட்டு உதவி:
பணம்தான் பெரிய குற்ற உணர்ச்சி. "பேரன் படிப்புக் காசை நான் தின்னுறேன்"னு கீமோவைப் பாதியில நிறுத்துறவங்க அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, வருட வருமான வரம்பு 1,20,000 ரூபாய். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் மையத்துல பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. சிகிச்சை காப்பீட்டுல போகுதுன்னா அந்தக் காகிதத்தைப் பெரியவர்கிட்டயே காட்டுங்க. பல வீட்டுல அவுகளுக்கு அது தெரியவே தெரியாது. ரயில்ல அடையாறு, திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இருந்தா ஸ்லீப்பரும் மூணாம் ஏசியும் நோயாளிக்கு இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு நாலுல மூணு பங்கு தள்ளுபடி.

கேப்சிடபின் கீமோ மாத்திரை போடுறவங்களுக்கு உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரேகையே அழிஞ்சு போகலாம். ரேஷன் கடையில மெஷின் ஏத்துக்காது, "கைநாட்டுக்குக்கூட லாயக்கில்லாமப் போயிட்டேன்"னு அங்கயே கலங்கி நிப்பாக. வேற ஆள் வாங்குறதுக்கான அங்கீகாரப் படிவம் கடையில கேளுங்க. பென்ஷன் வாழ்நாள் சான்றுக்கு முகத்தைக் காட்டிப் பதியுற வசதி ஃபோன்லயே இருக்கு. மருந்தாலதான் ரேகை போச்சு, அநேகமாத் திரும்ப வரும்னும் சொல்லிருங்க.

கீழவாசல் வழக்கறிஞர்:
சொத்து. நோய் தெரிந்ததும் செட்டில்மெண்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதச் சொல்லி நெருக்குவதும், எழுதியபின் கவனிப்பு குறைவதும் நடக்கிறது. உயில் என்றால் உயிரோடிருக்கும்வரை சொத்து அவருடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி கட்டாயம், மனத்தெளிவுக்கு மருத்துவர் சான்று இணைப்பது நல்லது. செட்டில்மெண்ட்தான் என்றால் "எழுதி வாங்குபவர் உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மீறினால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு செய்து ரத்து கோரலாம். டெலிரியம் இருக்கும் நாளில் எந்தக் கையெழுத்தும் வாங்கக்கூடாது.

உசிலை ஆவாரம்பூ:
"மருந்தைக் குடிச்சுட்டுப் போயிரலாம்"னு சொல்றவங்ககிட்ட என்ன பேச? கேட்டா அந்த நினைப்பைக் கூட்டி விட்டுருவோமோன்னு பயமா இருக்கு.

நரிமேடு மனநலம்:
அப்படிக் கூட்டி விடாது, கேளுங்கள். நேரடியாகக் கேட்பது நினைப்பை உண்டாக்காது, பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். "உயிரை விட்டுரலாம்னு தோணுதாய்யா? எப்படின்னுகூட யோசிச்சு வச்சிருக்கீங்களா?" வழி யோசித்து வைத்திருந்தால் அன்று தனியே விடாதீர்கள், குடும்பத்திடம் சொல்லுங்கள், அன்றே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. பூச்சிமருந்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அன்றாட அளவுக்கு மட்டும் வெளியே இருக்கட்டும், மீதி பூட்டிய பெட்டியில். தொலைபேசியில் பேச டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் உண்டு.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "வலி எவ்வளவு இருக்கு?" பலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் அடங்காத வலியிலிருந்து வருகிறது. மார்பின் மாத்திரை என்றால் சாவுக்கு முந்தைய மருந்து என்று வீட்டில் ஒளித்து வைப்பார்கள். சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் குறைக்காது. மலமிளக்கியைக் கூடவே முதல் நாளிலிருந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள்.

வைகைக்கரை:
ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும்னா எப்படிப் பிரிக்கிறது?

தல்லாகுளம் செவிலி:
முதல் அஞ்சு நிமிஷம் எல்லாரோடயும். அப்புறம் கட்டுப் போடணும், மறைவு வேணும்னு சொல்லிக் குடும்பத்தைப் பத்து நிமிஷம் வெளிய அனுப்புங்க. அவர் நல்லாக் கேட்கிற காதுப் பக்கம், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்க. வலி, தூக்கம், "ராத்திரி முழிப்பு வந்தா எதை நினைக்கிறீங்க?" கடைசிக் கேள்விக்கு ஒரு நிமிஷம் பதிலே வராது, இடையில பேசாதீங்க. குளிப்பாட்டுறது யாருன்னும் கேளுங்க. மருமக முன்னால துணி அவிழ்க்கக் கூச்சப்பட்டே தண்ணியைக் குறைச்சுக் குடிச்சு, மூத்திரக்கடுப்போட கிடப்பாக. ஆம்பளைக்குக் கட்டில் பக்கத்துல மூத்திரக் குடுவை, அம்மாவுக்கு ஓட்டை நாற்காலி, மறைப்புக்கு ஒரு சேலை கட்டினா தானாப் போய்க்குவாங்க.

அடுத்த பத்து நிமிஷம் கவனிக்கிறவருக்கு. பெரும்பாலும் அது அறுபத்தஞ்சு தாண்டின மனைவிதான். அவங்க சர்க்கரை, பிரஷர் மாத்திரையைக் கடைசியா எப்பப் போட்டாங்கன்னு டப்பாவைத் திறந்து பாருங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி வேற யார் முழிச்சிருக்கிறதுன்னு பேரைக் கேட்டு எழுதுங்க, "பாத்துக்கிடுவோம்"னு விடாதீங்க. மீதி அஞ்சு நிமிஷத்துல, மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல அந்த ஊருக்கு வர்ற செவிலியோட நம்பரும் 14567ம் பெரிய எழுத்துல எழுதி ஒட்டிருங்க. 14567 முதியோர் உதவிக்கு, காலை 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் எடுப்பாங்க.